பக்கத்து வீட்டு நாய் கடித்துவிட்டது: மருந்தகம், புகார், செலவுத்தொகை

கேட்கப்பட்டது சுருக்கமாக இது: நேற்றிரவு 9 மணிக்கு, சிங்கப்பூரில் குடியிருக்கும் புளோக்கின் மின்தூக்கிக் கதவு திறந்ததும் உள்ளே நின்ற நாய் பாய்ந்து வலது கையைக் கடித்துவிட்டது. ஆள்காட்டி விரலின் அடி மூட்டுக்குப் பக்கத்தில் இரண்டு சிறிய துளைகள், மணிக்கட்டில் ஒரு கீறல். நாய் அதே புளோக்கின் ஏழாவது மாடியில் இருப்பவர்களுடையது. வாரில் கட்டித்தான் வைத்திருந்தார்கள், ஆனால் வாரை நீளமாக விட்டிருந்தார்கள். "ஊசியெல்லாம் போட்ட நாய்தான், பயப்படாதீங்க" என்று சொல்லி 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நீட்டினார்கள். வாங்கவில்லை. வீட்டில் மாமியார் மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு, தொப்புளைச் சுற்றி ஊசி போட வேண்டும் என்கிறார். கணவரோ, புகார் செய்தால் நாயைக் கொன்றுவிடுவார்கள், ஒரே புளோக்கில் பகை வேண்டாம் என்கிறார். கேட்பவருக்கு வயது 44, நீரிழிவு உண்டு.

முதலில் இதைச் செய்யுங்கள்: இன்றே மருத்துவரைப் பாருங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம். கடிபட்டது கை, அதுவும் மூட்டுக்கு அருகில். காயம் துளைக்காயம். உங்களுக்கு நீரிழிவு. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே, காயம் பார்க்கச் சின்னதாகத் தெரிந்தாலும், கிருமித்தொற்று வருவதற்கு முன்பே மருந்து தொடங்குவதுதான் வழக்கம். உங்களுக்கு மூன்றும் இருக்கின்றன.

துளைக்காயம் ஏன் ஆபத்து என்று கேட்கலாம். கிழிந்த காயத்தில் இரத்தம் வழியும், தண்ணீர் உள்ளே போகும், மருத்துவரின் கண்ணுக்கும் எல்லாம் தெரியும். நாயின் கோரைப்பல் போட்ட துளை அப்படியில்லை. மேல்தோல் சில மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். பல் எச்சிலோடு கொண்டுபோய் வைத்த கிருமி உள்ளே தங்கிவிடும். கையில் தோலுக்குச் சற்றுக் கீழேயே தசைநாண்களும் மூட்டுகளும் இருக்கின்றன. தசைநாணைச் சுற்றியிருக்கும் உறைக்குள் சீழ் பிடித்தால் அது விரல் நீளத்துக்கும் ஓடும். அப்புறம் மாத்திரை போதாது, அறுவைக்கூடத்தில் திறந்து கழுவ வேண்டியிருக்கும். விரல் மடங்காமல் போகும் அபாயமும் உண்டு.

மஞ்சள் பற்றை இப்போதே கழுவி எடுத்துவிடுங்கள். மாமியார் அக்கறையோடுதான் போட்டிருக்கிறார். ஆனால் சமையலறை மஞ்சள் தூள் கிருமி நீக்கப்பட்டதில்லை, காயத்தை அடைத்துக்கொள்கிறது, சிவப்பு பரவுகிறதா என்று பார்க்க முடியாதபடி தோலின் நிறத்தையும் மாற்றிவிடுகிறது. காப்பித்தூள், சுண்ணாம்பு, கோடாலித் தைலம் எதுவுமே வேண்டாம்.

கழுவும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பலரும் இதில்தான் அவசரப்படுகிறார்கள். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீண்ட நேரம். துளைக்காயமாக இருந்தால் சுற்றியுள்ள சதையை மெதுவாக அழுத்தி, தண்ணீர் துளைக்குள் போய் வர விடுங்கள். தேய்த்துப் புண்ணாக்க வேண்டாம். பிறகு சுத்தமான துணியால் ஒற்றி, போவிடோன் அயோடின் இருந்தால் தடவி, ஒட்டாத காஸ் வைத்து லேசாகக் கட்டுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடைத் துளைக்குள் ஊற்றக்கூடாது, அது நல்ல திசுவையும் கெடுக்கும். காயத்தை அடைத்துவிடும் இறுக்கமான பிளாஸ்டரும், தோலை ஒட்டவைக்கும் பசையும் வேண்டாம். மோதிரம், வளையல் இருந்தால் கழற்றிவிடுங்கள். கை வீங்கிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். உட்காரும்போதும் படுக்கும்போதும் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். நேற்றிரவே கழுவியிருந்தாலும் இப்போது ஒருமுறை கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

இரத்தம் நிற்காமல் வந்தால் கழுவுவதை விட்டுவிட்டு, சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கிப் பார்த்தால் உறையத் தொடங்கியது மறுபடி பிய்ந்துவிடும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் நேரம் எடுக்கும்.

எங்கே போவது? உங்கள் காயத்துக்கு அருகிலுள்ள தனியார் மருந்தகமோ பலதுறை மருந்தகமோ போதும், விரலை முழுதாக மடக்கி நீட்ட முடிகிறவரை. விரல் மரத்துப் போயிருந்தால், ஒரு விரலாவது மடங்கவில்லை என்றால், வீக்கம் ஏற்கெனவே தொடங்கியிருந்தால் நேராக மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். முகத்தில் கடி, சதை பிய்ந்து தொங்கும் காயம், அழுத்தியும் நிற்காத இரத்தம் ஆகியவற்றுக்கும் அங்கேதான் போக வேண்டும். குழந்தைக்குத் தலையிலோ முகத்திலோ கடி என்றால் கேகே மருத்துவமனையின் குழந்தைகள் அவசரப் பிரிவு. சிறு குழந்தையின் மண்டையோடு மெல்லியது. தலைமுடிக்குள் தெரியும் சின்னத் துளை எலும்பு வரை போயிருக்கலாம். அதைப் படமெடுத்துத்தான் சொல்ல முடியும்.

மருத்துவரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டியவை உண்டு. கடித்த நேரம், நீரிழிவு, கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (சில மாதச் சராசரி சர்க்கரை) அளவு, சாப்பிடும் மாத்திரைகள், பெனிசிலின் ஒவ்வாமை இருக்கிறதா, கர்ப்பமா. மண்ணீரல் எடுக்கப்பட்டவர்களும், கல்லீரல் நோய் உள்ளவர்களும், புற்றுநோய் மருந்தோ ஸ்டீராய்டோ எடுப்பவர்களும் அதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். நாயின் வாயில் இயல்பாகவே வாழும் கேப்னோசைட்டோஃபாகா என்ற கிருமி பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் மண்ணீரல் இல்லாதவர்களின் இரத்தத்தில் அது மிக வேகமாகப் பரவும். காயம் ஆறியதுபோல் தெரியும்போதே கடும் காய்ச்சலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் வந்துவிடலாம்.

வழக்கமாகக் கொடுக்கும் மருந்து அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த மாத்திரை. ஆக்மென்டின் என்ற பெயரில் பலருக்கும் தெரியும். தொற்று வருமுன் தடுக்க என்றால் 3 முதல் 5 நாள். தொற்று வந்த பிறகு இன்னும் நீளும். சாப்பாட்டோடு எடுத்தால் வயிற்றுத் தொல்லை குறையும். வீட்டு அலமாரியில் முன்பு மிஞ்சிய ஆன்டிபயாட்டிக் இருக்கிறதே என்று அதைப் போட்டுக்கொள்ள வேண்டாம். நாய்க்கடியில் முக்கியமான கிருமிகளில் ஒன்று பாஸ்சுரெல்லா. செஃபலெக்சின், கிளாக்சசிலின், எரித்ரோமைசின் போன்ற, தோல் புண்ணுக்கும் தொண்டை வலிக்கும் கொடுக்கும் மருந்துகள் அதன்மேல் சரியாக வேலை செய்வதில்லை. வெறும் அமாக்சிசிலின் பாஸ்சுரெல்லாவைப் பிடிக்கும், ஆனால் கூடவே இருக்கும் ஸ்டாஃப் கிருமியைப் பெரும்பாலும் விட்டுவிடும். மருந்து சாப்பிட்டோம் என்ற நிம்மதியில் இரண்டு நாள் வீணாகும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மாற்று மருந்துகள் இருக்கின்றன, மருத்துவர் தேர்ந்தெடுப்பார்.

"ஏன் தையல் போடவில்லை?" என்று கோபப்பட வேண்டாம். கையில் வரும் கடிக்காயத்தைத் திறந்தே விடுவது பெரும்பாலும் சரியான முடிவு. மூடினால் கிருமியையும் சேர்த்து மூடிவிடுவோம். முகத்துக்கு இரத்த ஓட்டம் அதிகம், தழும்பும் முக்கியம் என்பதால் அங்கே நன்றாகக் கழுவித் தைப்பார்கள்.

அடுத்தது டெட்டனஸ் ஊசி. நாய்க்கடி அழுக்குக் காயம் என்ற கணக்கில் வரும். கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் இப்போது ஒன்று போட வேண்டும். இங்கே பள்ளியில் படித்தவர்களுக்குத் தொடக்கநிலை 5 வாக்கில் போட்டதுதான் பெரும்பாலும் கடைசி. 44 வயதில் அது கணக்கில் வராது. கர்ப்பக் காலத்தில் போட்டிருந்தால் அந்த ஆண்டை நினைவுபடுத்திப் பாருங்கள். சிறு வயதில் மூன்று ஊசியும் போட்டதாக உறுதியாகத் தெரியாதவர்களுக்குத் தடுப்பூசியோடு, உடனே பாதுகாப்புத் தரும் ஆயத்த எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படலாம். ஊரிலிருந்து வேலைக்கு வந்து, ஊசிப் பதிவு ஏதும் கையில் இல்லாதவர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இனி மாமியாரின் கேள்வி. சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை. அதனால், இங்கேயே வளர்ந்த, வெளிநாடு போகாத நாய் கடித்தால் அந்த நோய்க்கான ஊசி பொதுவாகத் தேவைப்படாது. தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி பழைய வகை மருந்து. இந்தியாவே அதை ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு கைவிட்டுவிட்டது. இப்போதைய ஊசி கையில்தான். ஆனால் மாமியாரின் பயம் அவர் வளர்ந்த ஊருக்குப் பொருந்தும் பயம். அதைச் சிரித்துத் தள்ளிவிட வேண்டாம். விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்கோ பாலிக்கோ சரவாக்குக்கோ போன இடத்தில் நாய் கடித்தால், நக்கிய புண்ணாக இருந்தாலும், அன்றே ஊசி தொடங்க வேண்டும். "சிங்கப்பூர் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நாள் கடத்துவது உயிரோடு விளையாடுவது. அந்த நோய் அறிகுறி காட்டிய பிறகு காப்பாற்ற மருந்து இல்லை. தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஊசி இலவசம். தோலைத் துளைத்த கடியென்றால் தடுப்பூசியோடு, காயத்துக்குள்ளும் சுற்றிலும் போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ஊசி மட்டும் போட்டு அனுப்பிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. முதல் ஊசி போட்ட நாள், மருந்தின் பெயர், போட்ட முறை எல்லாம் எழுதிய சீட்டைப் பத்திரமாகக் கொண்டுவந்தால் மீதி ஊசிகளை இங்கே தொடரலாம். பேட்டை மருந்தகங்களில் இந்த ஊசி பெரும்பாலும் இருக்காது. வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தடுப்பூசி போடும் மருந்தகத்துக்கு முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

அதனால் ஏழாவது மாடிக்காரர்களிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "நாய் இங்கே பிறந்ததா, வெளிநாட்டிலிருந்து வந்ததா, வந்தது எப்போது?" என்பதுதான். சில மாதங்களுக்குள் வெளிநாட்டிலிருந்து வந்தது, அல்லது எங்கிருந்து வாங்கினோம் என்று தெளிவாகச் சொல்ல மறுக்கிறார்கள் என்றால் மருத்துவரிடமும் அதிகாரிகளிடமும் அதைச் சொல்லுங்கள். வெறிநாய்க்கடி நோய் உடலுக்குள் ஒன்றிலிருந்து மூன்று மாதம்வரை ஒளிந்திருப்பது வழக்கம்.

"ஊசி போட்ட நாய்" என்ற பேச்சை நம்பி மருத்துவரிடம் போகாமல் இருப்பவர்கள் ஏராளம். இங்கே வளர்ப்பு நாய்களுக்கு வழக்கமாகப் போடும் ஊசிகள் டிஸ்டெம்பர், பார்வோ போன்ற நாய்களுக்கு வரும் நோய்களுக்கானவை. நாயைக் காப்பாற்றும், உங்கள் கையை அல்ல. பாஸ்சுரெல்லா ஆரோக்கியமான, ஊசி போட்ட, தினமும் குளிப்பாட்டும் நாயின் வாயிலும் இருக்கிறது. உரிமையாளர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னதற்கும் உங்கள் காயத்துக்கும் தொடர்பில்லை, அவ்வளவுதான்.

மருந்து வாங்கி வந்த பிறகு அடுத்த 48 மணி நேரம் கையைக் கவனியுங்கள். சிவப்பு தெரிந்தால் அதன் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு நேரத்தையும் எழுதுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால் மறுநாள் சந்திப்பு நேரத்துக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பாஸ்சுரெல்லா வேகமான கிருமி. கடித்த 12 முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே விண்விண் என்று தெறிக்கும் வலியும் வீக்கமும் வந்துவிடும். நேற்றிரவு 9 மணிக்குக் கடி என்றால் அந்த நேரத்தில்தான் நீங்கள் இப்போது இருக்கிறீர்கள். கைமேல் ஓடும் சிவப்புக் கோடு, சீழ், காய்ச்சல், குளிர்நடுக்கம், விரல் முழுவதும் ஒரே பருமனாக வீங்குவது, விரல் பாதி மடங்கிய நிலையிலேயே நிற்பது, அடுத்தவர் அதை நீட்டினால் உயிர் போகும் வலி: இவற்றில் ஒன்று வந்தாலும் நள்ளிரவானாலும் போங்கள். சர்க்கரையையும் வழக்கத்தைவிட அடிக்கடி பாருங்கள். காரணமில்லாமல் ஏறினால் அது உள்ளே தொற்று இருப்பதன் முதல் அடையாளமாக இருக்கலாம்.

இப்போது கணவரின் கேள்விக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி நியாயம். ஒரே புளோக்கில், ஒரே மின்தூக்கியில் தினமும் முகம் பார்க்க வேண்டியவர்கள். ஆனால் புகார் செய்தாலே நாயைக் கொன்றுவிடுவார்கள் என்பது சரியில்லை. நாய்க்கடிப் புகார்களைப் பார்ப்பது தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்குநல மருத்துவச் சேவை, ஏவிஎஸ் என்பார்கள். முன்பிருந்த வேளாண், உணவு, கால்நடை ஆணையம் (ஏவிஏ) கலைக்கப்பட்டபின் 2019 ஏப்ரலிலிருந்து இந்தப் பொறுப்பு அவர்களிடம் இருக்கிறது. அவர்கள் உங்களிடமும் உரிமையாளரிடமும் விசாரிப்பார்கள், உரிமம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட எல்லா நாய்க்கும் உரிமமும் தோலடி மைக்ரோசிப்பும் கட்டாயம். காயம் எப்படி, நாய் முன்பு யாரையாவது கடித்திருக்கிறதா என்பதையெல்லாம் வைத்து எச்சரிக்கை, அபராதம், பொது இடத்தில் வாய்க்கவசம் போட வேண்டும் என்ற கட்டளை, பழக்கப் பயிற்சி என்று நடவடிக்கை மாறும். நாயைப் பிரித்து எடுத்துப்போவது கடுமையான கடிகளுக்கும், மீண்டும் மீண்டும் கடிக்கும் நாய்களுக்கும்.

என் கருத்தைக் கேட்டால், தோல் கிழிந்த கடி, பொது இடத்தில் நடந்தது என்றால் தெரிவிக்க வேண்டும். மின்தூக்கியில் பாய்ந்த நாய் அடுத்த முறை எதிர்கொள்வது ஐந்து வயதுக் குழந்தையாக இருக்கலாம். நாயின் வாய் உயரத்தில்தான் அந்தக் குழந்தையின் முகம் இருக்கும். முதல் கடி பதிவாகாமல் போனால் இரண்டாவது கடியும் "முதல் தடவை" என்றே எண்ணப்படும். நாய்க்கும் இது நன்மை. வாய்க்கவசமும் பயிற்சியும் முதல் கடியிலேயே வந்தால் அது பிழைக்கும்; மூன்றாவது கடி ஒரு குழந்தையின் முகமாக இருந்தால் பிழைக்காது. உறவினர் வீட்டில், சோறு தின்னும் நாயைக் குழந்தை சீண்டி, பல் மட்டும் பட்டது என்றால் அது வேறு. அதற்குப் புகார் தேவையென்று நினைக்கவில்லை.

புகாருக்கு 1800-476-1600 என்ற 24 மணி நேர எண்ணில் அழைக்கலாம், கழகத்தின் இணையப் படிவமும் இருக்கிறது. ஏழாவது மாடிக்காரர்களிடம் முதலில் நீங்களே சொல்லிவிடுவது நல்லது: "உங்க நாயை எடுத்துட்டுப் போகணும்னு நான் கேக்கல. வாய்க்கவசம் போடணும், மின்தூக்கியில வாரைக் குட்டையாப் பிடிக்கணும். அதுக்காகத்தான் சொல்றேன்." அதிகாரியிடமும் இதே கோரிக்கையைச் சொல்லலாம். முடிவு அவர்களுடையது, ஆனால் கடிபட்டவர் என்ன கேட்கிறார் என்பது பதிவில் இருக்கும்.

வாரில் கட்டியிருந்தது அவர்களை முழுவதும் காப்பாற்றாது. பொது இடத்தில் வாரும் வேண்டும், நாய் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும் என்பதே விதி. மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம். நீட்டிச் சுருக்கும் வாரை மின்தூக்கிக்குள் முழு நீளத்துக்கு விடுவது கையில் பிடிக்காததற்குச் சமம். பிட் புல், அகிதா, டோசா, ராட்வைலர், டோபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பட்டியலிட்ட இனங்களுக்கு வாய்க்கவசமும் கட்டாயம், அவற்றில் பலவற்றுக்கு 100,000 வெள்ளி காப்புறுதியும் எடுத்திருக்க வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இந்த இனங்களை வளர்க்கவே அனுமதியில்லை. தரைவீட்டு நாய் கடித்திருந்தால் இந்தக் காப்புறுதியைப் பற்றிக் கேட்க மறக்காதீர்கள்.

போலிஸ் எப்போது? வேண்டுமென்றே நாயை ஏவிவிட்டால், மிரட்டினால், பெயர் சொல்லாமல் நழுவினால், அல்லது காயம் கடுமையாக இருந்தால். தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கைக் கவனமில்லாமல் வைத்து ஆபத்து விளைவிப்பதைக் குற்றமாக்குகிறது. உங்கள் விஷயத்தில் அவர்கள் நழுவாமல் நின்று பேசியிருக்கிறார்கள், ஏவிஎஸ் போதும்.

ஆதாரத்தை இன்றே சேருங்கள், ஆறிய காயம் எதையும் நிரூபிக்காது. கழுவிய காயத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளி நாணயத்தை வைத்து, பகல் வெளிச்சத்தில், அருகிலிருந்தும் கை முழுவதும் தெரியும்படியும் படமெடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை அதையே திரும்பச் செய்யுங்கள். நடந்ததை நேரத்தோடு கைப்பேசியில் எழுதி உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். கூட இருந்தவர் பெயரும் வேண்டும். மின்தூக்கிக் கேமரா நகர மன்றத்தின் பொறுப்பு, கூட்டுரிமை வீடானால் நிர்வாகத்துடையது. பதிவை உங்கள் கையில் கொடுக்க மாட்டார்கள். ஆனால் பழைய பதிவின்மேல் புதியது ஏறிப் பதிவாகிவிடும் என்பதால், "இந்தத் தேதி, இந்த நேரம், இந்த மின்தூக்கி, விசாரணைக்குத் தேவைப்படும், அழிக்காமல் வையுங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, அதையே ஏவிஎஸ் அதிகாரியிடமும் சொல்லுங்கள். மருத்துவரின் குறிப்பில் "நாய்க்கடி" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். "கைக்காயம்" என்று மட்டும் எழுதியிருந்தால் சேர்க்கச் சொல்லுங்கள்.

உரிமையாளரின் படத்தையும் வீட்டு எண்ணையும் ஃபேஸ்புக்கில் போட வேண்டாம். கோபம் புரிகிறது. ஆனால் ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவர் அடையாளத்தை வெளியிடுவது, தொல்லையிலிருந்து பாதுகாப்புச் சட்டத்தின்படி 2020 முதல் குற்றம். கடிபட்டவரே குற்றவாளியாக நிற்க வேண்டிவரும்.

பணம். அந்த 50 வெள்ளியை வாங்காதது நல்லது. உங்கள் செலவு எவ்வளவு என்று இன்னும் யாருக்கும் தெரியாது. மருந்தகக் கட்டணம், டெட்டனஸ் ஊசி, கட்டு மாற்றப் போய் வரும் டாக்சி, எம்சியில் (மருத்துவ விடுப்பில்) போன நாள்கூலி எல்லாம் சேர்ந்தால் 50 வெள்ளியைத் தாண்டிவிடும். தொற்று வந்து மருத்துவமனையில் படுத்தால் கதையே வேறு. ரசீதுகளை ஓர் உறையில் போட்டு வாருங்கள். இடையில் அவர்கள் பேநவ்வில் (கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் சேவை) ஏதாவது அனுப்பினால், "இன்றைய மருந்தகக் கட்டணத்துக்கான 95 வெள்ளி கிடைத்தது, நன்றி. காயம் ஆறியதும் மீதியைப் பேசிக்கொள்ளலாம்" என்று, உண்மையான தொகையைப் போட்டு, பதில் எழுதுங்கள். "முழுத் தீர்வு" என்ற சொல் உள்ள எதிலும் காயம் முழுதாக ஆறும்வரை கையெழுத்திட வேண்டாம். இரண்டு துளைக்குப் பெரிய தொகை கேட்டு மிரட்டுவதும் வேண்டாம். செலவையும் போன சம்பளத்தையும் கேளுங்கள், பெரும்பாலான குடும்பங்கள் கொடுத்துவிடும்.

கொடுக்க மறுத்தால் முதல் படி சமூக மத்தியஸ்த நிலையம். விண்ணப்பக் கட்டணம் 5 வெள்ளி. இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். எழுதிக் கையெழுத்திடும் உடன்பாட்டில் பணம் மட்டுமின்றி வாய்க்கவசம், நாயைக் கூட்டிப்போகும் நேரம், எந்த மின்தூக்கி என்பதையும் சேர்க்கலாம். நீதிமன்றத்தில் இந்த மாதிரியான விஷயங்களை வாங்குவது கடினம். தமிழில் பேச வேண்டுமானால் பதியும்போதே சொல்லுங்கள்.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று பலர் சொல்வார்கள். உடலில் பட்ட காயத்துக்கான இழப்பீட்டை அந்த மன்றம் எடுத்துக்கொள்வதில்லை, நாள் வீண். அதற்கு வழி மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 60,000 வெள்ளி வரை. கடிபட்ட நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். உரிமையாளர் கவனக்குறைவாக இருந்தார் என்பதையோ, நாய் கடிக்கும் குணமுள்ளது என்பது அவருக்கு முன்பே தெரியும் என்பதையோ நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். ஏவிஎஸ் பதிவும் மருத்துவக் குறிப்பும் இங்கேதான் கைகொடுக்கும். சில நூறு வெள்ளிக்காக வழக்கறிஞர் வைத்துப் போவது கட்டுப்படியாகாது. விரல் மடங்காமல் போனது, முகத்தில் தழும்பு, பல வாரம் வேலை இழப்பு என்றால் கட்டாயம் ஆலோசனை கேளுங்கள். நாய் தொடர்ந்து உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து தொல்லை கொடுக்கிறது என்றால் மட்டும் அண்டைவீட்டாருக்கான சமூகப் பூசல் மன்றம் பொருந்தும். அங்கே உச்சவரம்பு 20,000 வெள்ளி.

உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும், படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. வேலை நேரத்தில் கடிபட்டால் பணம் வரும் வழி மாறிவிடும். துவாஸ் பட்டறையிலோ கட்டுமான இடத்திலோ காவல் நாய் கடித்த ஊழியருக்கு வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். மருத்துவச் செலவும் மருத்துவ விடுப்புச் சம்பளமும் முதலாளி பொறுப்பு. கோர ஓர் ஆண்டு அவகாசம். "நாய் நம்முடையது இல்லை" என்று மேலாளர் சொன்னால் அது பதிலாகாது. உணவு விநியோக ஓட்டுநர்களுக்கு 2025 ஜனவரி முதல் இணையத் தளச் சேவை ஊழியர் சட்டத்தின்கீழ் அதே வகைக் காப்பு உண்டு. கடி விழுந்தவுடன் செயலியிலேயே விபத்தைப் பதிந்துவிட வேண்டும். வீட்டுப் பணிப்பெண்கள் வேலைக்காயச் சட்டத்துக்குள் வருவதில்லை. ஆனால் முதலாளியின் நாயை நடத்திப் போகும்போது அது கடித்தால் மருத்துவச் செலவு முழுவதும் முதலாளியுடையதுதான். விபத்துக் காப்புறுதியும் அவர் எடுத்திருப்பார். பயந்து சொல்லாமல் இருந்து, மூன்றாம் நாள் வீங்கிய கையோடு வரும் பெண்கள்தான் கடைசியில் படுக்கையில் கிடக்கிறார்கள். உங்கள் வீட்டில் நாயும் பணிப்பெண்ணும் இருந்தால், "பல் பட்டாலே என்கிட்டச் சொல்லு, திட்ட மாட்டேன்" என்று இன்றைக்கே அவரிடம் சொல்லி வையுங்கள்.